செத்த பசுக்களின் நடுவே உயிரோடு நின்ற கன்று!

கோமாரி நோயைத் தடுக்க ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள்?

2001-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்று ஒரு மாவட்டம். அங்கே ஒரு பண்ணை.

அந்தப் பண்ணையின் மாடுகளை எல்லாம் சர்க்கார் ஆட்கள் வந்து கொன்றுவிட்டார்கள். பிணங்களை எடுத்துப் போக உடனே யாரும் வரவில்லை. அவை அப்படியே கிடந்தன.

ஐந்து நாள் கழித்துப் பார்த்தால், வெள்ளை வெளேர் என்று ஒரு கன்றுக்குட்டி! பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செத்துக் கிடந்த தாயின் பக்கத்தில் உயிரோடு இருந்தது!

அதையும் கொல்லத்தான் வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். வீட்டார் மறுத்துவிட்டார்கள். பத்திரிகைகளில் கன்றின் படம் வந்தது. நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. அதற்கு "பீனிக்ஸ்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எரிந்து சாம்பலான பிறகும் அந்தச் சாம்பலில் இருந்து எழுந்து பறக்கும் கதைப் பறவையின் பெயர் அது.

விஷயம் பிரதம மந்திரி டோனி பிளேர் வரை போயிற்று. சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறோம் என்று சர்க்கார் அறிவித்தது. கன்று பிழைத்தது.

ஒரு கன்று பிழைத்தது சரி. அந்த ஓர் ஆண்டில் இங்கிலாந்திலும் அதைச் சேர்ந்த பகுதிகளிலும் கொல்லப்பட்ட ஆடு, மாடு, பன்றிகள் எத்தனை தெரியுமா? 60 லட்சத்துக்கும் மேல்!

எந்த நோய்க்காக? கோமாரிக்காக!

கோமாரிக்கா கொலை?

கோமாரி நமக்குத் தெரியாத நோய் அல்ல. மாட்டின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வரும். எச்சில் ஒழுகும். தீனி தின்னாது. நொண்டும். பால் வற்றிவிடும். இளங்கன்றுகள் செத்துப் போவதும் உண்டு. ஆனால் வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மனிதனுக்கு இதனால் ஆபத்து இல்லை.

அப்படியானால் ஏன் கொல்கிறார்கள்?

கோமாரி பரவும் வேகத்துக்கு ஈடு இல்லை. நோய் கண்ட மாட்டின் மூச்சில் கிருமி இருக்கிறது. எச்சிலில் இருக்கிறது. பாலில் இருக்கிறது. பால் வண்டிச் சக்கரத்திலும், மாட்டுத் தரகரின் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. காற்றிலும் பறந்து போகிறது. பிழைத்த மாடும் பழையபடி பால் கறப்பதில்லை.

இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வியாபாரம். கோமாரி இல்லாத நாடுகள், கோமாரி உள்ள நாட்டில் இருந்து கால்நடையையும் இறைச்சியையும் வாங்குவதில்லை. ஒரே ஒரு மாட்டுக்கு நோய் வந்தாலும் நாடு முழுவதற்கும் கதவு அடைக்கப்படும். ஏற்றுமதியை நம்பி இருக்கும் நாட்டுக்கு இது பேரிடி.

ஆகவேதான், நோய் வந்த மந்தையை முழுவதும் கொன்று, கிருமியை வேரோடு அழிப்பது என்ற முறையை அங்கே வைத்திருக்கிறார்கள். கொன்ற மாட்டுக்குச் சர்க்கார் நஷ்ட ஈடு கொடுக்கும்.

போப்பாண்டவரின் வைத்தியர்

இது இன்றைக்கு நேற்று வந்த முறை அல்ல. 300 வருஷப் பழமை உள்ளது.

1711-ம் ஆண்டு இத்தாலியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அது கோமாரி அல்ல. அதைவிடக் கொடிய வெக்கை நோய். அப்பொழுது போப்பாண்டவராக இருந்தவர் பதினோராம் கிளமென்ட். அவருடைய வைத்தியர் லான்சிசி.

நோய்க்கு மருந்து தேடிப் பயன் இல்லை என்று லான்சிசி சொன்னார். நோய் கண்ட மாட்டைக் கொல்லுங்கள், சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், ஊர் விட்டு ஊர் மாடு ஓட்டிப் போவதைத் தடை செய்யுங்கள் என்றார். உத்தரவை மீறிய சாதாரண ஜனங்களுக்குத் தூக்குத் தண்டனை! மீறியவர் பாதிரியார் என்றால், கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனை!

1714-ல் அந்த நோய் இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே அரசரின் வைத்தியராக இருந்த தாமஸ் பேட்ஸ் வேறு வழி பிடித்தார். நோயை மறைக்காமல் சொல்லும் மாட்டுக்காரனுக்கு மாடு ஒன்றுக்கு 40 ஷில்லிங் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதாவது 2 பவுன். பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். சில மாதங்களில் நோய் அடங்கியது.

தூக்குக் கயிற்றைக் காட்டியவர் லான்சிசி. பணத்தைக் காட்டியவர் பேட்ஸ். இருவரில் பேட்சுக்குத்தான் மாட்டுக்காரன் மனசு தெரிந்திருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. மாட்டை இழந்தால் பிழைப்பு போய்விடும் என்று பயப்படுகிறவன் நோயை மறைக்கத்தானே பார்ப்பான்?

ஆனால் இங்கிலாந்தே இதைப் பிறகு மறந்துவிட்டது. 1865-ல் பால்டிக் கடல் துறைமுகம் ஒன்றில் இருந்து ஹல் என்ற துறைமுகத்துக்கு ஒரு கப்பலில் மாடுகள் வந்தன. வெக்கை நோயும் கூடவே வந்தது. சர்க்கார் பல மாதங்கள் தயங்கியது. அதற்குள் லட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. 1866 பிப்ரவரியில்தான் கட்டாயமாகக் கொல்லவும் நஷ்ட ஈடு கொடுக்கவும் சட்டம் வந்தது. அதன் பிறகு நோய் மளமளவென்று குறைந்தது.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. மாடுகள் இப்படிச் சாவதைப் பார்த்து, மாட்டு டாக்டர்களுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரில், 1762-ல். உலகத்தில் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களில் அதுதான் முதலாவது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. 1920-ல் இந்தியாவில் இருந்து பிரேசில் நாட்டுக்குக் கப்பலில் மாடுகள் போயின. வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அங்கே வெக்கை நோய் பரவியது! ஒரு நாடு தனியாகக் காவல் காத்தால் போதாது என்பது அப்பொழுதுதான் உறைத்தது. 1924-ல் 28 நாடுகள் சேர்ந்து, பாரிஸ் நகரில் கால்நடை நோய்களுக்காக ஓர் உலகச் சபையை ஏற்படுத்தின. அந்தச் சபை இன்றும் இருக்கிறது. எந்த நாட்டில் கோமாரி இல்லை என்று முத்திரை குத்துவது அதுதான்.

வெக்கை நோய் 2011-ல் உலகத்தைவிட்டே ஒழிந்தது. கோமாரி ஒழியவில்லை.

ஊசியும் வந்தது, போயும் விட்டது

கோமாரிக்குத் தடுப்பூசி கிடையாதா? உண்டு!

கோமாரிக்குக் காரணம் வைரஸ் என்று கண்டுபிடித்தவர்கள் லோப்ளர், பிராஷ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். அது 1890-களின் கடைசியில். லோப்ளர் தமது ஆராய்ச்சியை ரீம்ஸ் என்ற சிறு தீவில் வைத்துக்கொண்டார். கிருமி ஊருக்குள் வந்துவிடக் கூடாது அல்லவா? அந்தத் தீவில் இன்றும் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அதற்கு லோப்ளரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தடுப்பூசி மருந்தைக் கூடை கூடையாகச் செய்ய வழி கண்டவர் ஹாலந்து நாட்டு பிரெங்கல். இறைச்சிக்காக வெட்டிய மாடுகளின் நாக்குத் தோலில் கிருமியை வளர்த்தார். அதில் இருந்து மருந்து செய்தார். 1950-களில் இருந்து ஹாலந்து, பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளில் மாடுகளுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டார்கள். நோய் நன்றாகக் குறைந்தது.

இங்கிலாந்து ஊசி போடவில்லை. கொல்லும் முறையையே பிடித்துக்கொண்டது. 1967-68-ல் அங்கே கோமாரி வந்தபொழுது 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

பிறகு ஐரோப்பிய நாடுகள் ஒரே சந்தையாகச் சேர்ந்தன. ஒரு நாடு ஊசி போடும், ஒரு நாடு போடாது என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கோடிக்கணக்கான மாடுகளுக்கு வருஷா வருஷம் ஊசி போடுவதைவிட, எப்பொழுதாவது நோய் வந்தால் அந்த மந்தையைக் கொல்வது மலிவு என்று கணக்கு சொன்னது. சரியாகச் செய்யப்படாத ஊசி மருந்தில் இருந்தே சில இடங்களில் நோய் வந்ததும் உண்டு. ஆகவே 1992-க்குள் ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

கணக்கு சரியான கணக்குத்தான். நோய் சின்னதாக வரும், சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணிப் போட்ட கணக்கு அது. ஒன்பது வருஷத்தில் கணக்கு தப்பியது.

மூன்று நாள் தாமதம்

2001 பிப்ரவரி 19. லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில், பன்றி வெட்டும் கூடம் ஒன்றில் சில பன்றிகளுக்குக் கொப்புளம் இருப்பதை டாக்டர் கண்டார். மறுநாள், கோமாரிதான் என்று உறுதியாயிற்று.

ஆதியைத் தேடிக்கொண்டு போனார்கள். வடக்கே நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் ஒரு பன்றிப் பண்ணை. அங்கே பன்றிகளுக்கு ஓட்டல் எச்சில் சோறு போட்டிருக்கிறார்கள். எச்சில் சோற்றை நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான் போடவேண்டும் என்பது சட்டம். அங்கே அப்படிச் செய்யவில்லை. திருட்டுத்தனமாக வந்த வெளிநாட்டு இறைச்சி அந்தச் சோற்றில் கலந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கிருமியின் வகையும் வெளிநாட்டு வகைதான். அந்த வகையை முதலில் கண்டது 1990-ல், வட இந்தியாவில்!

அங்கிருந்து கிருமி காற்றோடு பக்கத்து ஆட்டு மந்தைக்குப் போயிற்று. ஆட்டுக்குக் கோமாரி வந்தால் அவ்வளவாகத் தெரியாது. அந்த ஆடுகள் சந்தைக்குப் போயின. ஒரு சந்தையில் இருந்து இன்னொரு பெரிய சந்தை. அங்கிருந்து தரகர்கள் வாங்கி, லாரியில் ஏற்றி, நாலா பக்கமும் கொண்டுபோனார்கள்.

எசெக்சில் நோயைக் கண்டுபிடித்த அன்றைக்கே, குறைந்தது 57 பண்ணைகளில் கிருமி புகுந்துவிட்டது. யாருக்கும் தெரியாது!

கால்நடைகளை எங்கும் கொண்டு போகக் கூடாது என்று நாடு முழுவதற்கும் தடை போட்டது பிப்ரவரி 23-ல்தான். இடையில் மூன்று நாட்கள் போய்விட்டன. அந்த நாட்களிலும் சந்தை நடந்தது. முதல் நாளே தடை போட்டிருக்க வேண்டும் என்று பின்னால் நடந்த விசாரணையில் சொன்னார்கள்.

புகை மூட்டம்

மார்ச் மாதம் முடிவதற்குள் ஒரு நாளைக்கு 50 பண்ணைகள் வரை நோய் கண்டது. டாக்டர்கள் போதவில்லை. வெளிநாடுகளில் இருந்து வரவழைத்தார்கள். ராணுவத்தையும் இறக்கினார்கள்.

நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள் கொல்ல வேண்டும். அதன் பக்கத்துப் பண்ணையில் 48 மணி நேரத்துக்குள் கொல்ல வேண்டும். இதுதான் உத்தரவு. பக்கத்துப் பண்ணையில் நோய் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பது கிடையாது. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட விஞ்ஞானிகள், இப்படிச் செய்தால்தான் நோயை முந்த முடியும் என்றார்கள். வேலியை ஒட்டி இருந்த பாவத்துக்கு நல்ல மாடுகளும் செத்தன. பீனிக்ஸ் கன்றின் மந்தையும் அப்படிப் பக்கத்தில் இருந்த மந்தைதான்.

கட்டையும் நிலக்கரியும் அடுக்கி, மாடுகளை மேலே போட்டுக் கொளுத்தினார்கள். கால்கள் வானத்தைப் பார்த்து நிற்க, மாடுகள் எரியும் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. எரித்து மாளாமல் பிறகு புதைத்தார்கள். கம்பிரியா மாவட்டத்தில் கிரேட் ஆர்டன் என்ற ஊரில், பழைய விமான நிலையம் ஒன்றில் பெரும் பெரும் பள்ளங்கள் தோண்டினார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல் புதைத்தார்கள். பெரும்பாலும் ஆடுகள். இன்று அந்த இடம் மரங்களும் பறவைகளும் உள்ள சோலையாக இருக்கிறது. ஜனங்கள் அங்கே சைக்கிள் விடுகிறார்கள்.

கிராமத்துப் பாதைகளை மூடினார்கள். பெரிய குதிரைப் பந்தயம் நின்றது. மே மாதம் 3-ந் தேதி நடக்க இருந்த உள்ளூர்த் தேர்தலை ஜூன் 7-க்குத் தள்ளிவைத்தார்கள். பொதுத் தேர்தலும் அன்றுதான் நடந்தது.

கடைசி நோய் கண்டது செப்டம்பர் 30-ல். மொத்தம் 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் வந்தது. சர்க்காருக்கு 300 கோடி பவுனுக்கு மேல் செலவு. தனியாருக்கு 500 கோடி பவுனுக்கு மேல் நஷ்டம். சுற்றுலாக்காரர்கள் வராமல் ஓட்டல்களும் கடைகளும் பட்ட அடி, பண்ணைகள் பட்ட அடிக்குக் குறைந்தது அல்ல.

மாட்டைக் கொடுத்தவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. மொத்தம் 100 கோடி பவுனுக்கும் மேல். ஆனால் மாடு சாகாமல், அதை விற்கவும் முடியாமல், மேய்ச்சலுக்கு ஓட்டவும் முடியாமல், மாதக் கணக்கில் தடைக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அந்த நஷ்ட ஈடு இல்லை! ஓட்டல்காரருக்கும் இல்லை. இந்த அநியாயத்தைப் பலர் எடுத்துச் சொன்னார்கள்.

பணத்தால் ஆறாத புண்ணும் உண்டு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் கம்பிரியாவில் 54 பேரைத் தேர்ந்து எடுத்தார்கள். விவசாயிகள், கடைக்காரர்கள், டாக்டர்கள், மாடு கொல்லும் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வாரம்தோறும் மனசில் உள்ளதை நாட்குறிப்பில் எழுதச் சொன்னார்கள். ஒன்றரை வருஷம் எழுதினார்கள். வீட்டில் சாவு விழுந்தது போன்ற துக்கம், கண்ட காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அதிகாரிகள் பேச்சில் நம்பிக்கை போனது. இவைதான் அந்தக் குறிப்புகளில் நிறைந்திருந்தன.

அப்பொழுதாவது ஊசி போட்டிருக்கலாமே?

போட நினைத்தார்கள். டெவனிலும் கம்பிரியாவிலும் மாடுகளுக்கு ஊசி போட ஐரோப்பிய சபையின் அனுமதியும் கிடைத்தது. வேண்டாம் என்று சொன்னது யார் தெரியுமா? விவசாயிகளின் பெரிய சங்கமே! உணவுக் கம்பெனிகளும் தயங்கின.

அதற்குக் காரணம் இருந்தது. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தையும், நோய் வந்து பிழைத்த மாட்டின் ரத்தத்தையும் பிரித்து அறிவது அப்பொழுது கஷ்டம். ஆகவே ஊசி போட்டு மாட்டை உயிரோடு வைத்தால், 12 மாதம் கழித்துத்தான் "நோய் இல்லாத நாடு" என்ற முத்திரை கிடைக்கும். கொன்றுவிட்டால் 3 மாதத்தில் கிடைத்துவிடும்!

ஹாலந்தில் இதைவிட வேதனை. இங்கிலாந்தில் இருந்து நோய் அங்கேயும் தாவியது. 26 பண்ணைகளில் கண்டது. சுற்றிலும் உள்ள மாடுகளுக்கு மளமளவென்று ஊசி போட்டார்கள். நோய் நின்றது. பிறகு, ஊசி போட்ட மாடுகளையும் கொன்றுவிட்டார்கள்! மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

பிழைக்க வைத்த ஊசியைப் போட்டுவிட்டு, போட்ட குற்றத்துக்காகவே கொல்வதா? மாடு வளர்க்காதவனுக்கும் இது வயிற்றைக் கலக்கும்.

மாறிய சட்டம்

அந்தக் கூக்குரல் வீண் போகவில்லை. ஊசியையும் நோயையும் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை நன்றாக வளர்ந்தது. 2002-ல் பாரிஸ் சபை 12 மாதத்தை 6 மாதமாகக் குறைத்தது. 2003-ல் ஐரோப்பிய யூனியன் புதுச் சட்டம் செய்தது. ஊசி என்பது கடைசி வழி அல்ல, ஆரம்பத்திலேயே யோசிக்க வேண்டிய வழி என்றது அந்தச் சட்டம். ஊசி போட்ட மாட்டை உயிரோடு வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. பன்றிக்கு ஓட்டல் எச்சில் போடுவதும் ஒழிந்தது. இங்கிலாந்தில் புதிதாக ஒரு மாட்டை வாங்கி வந்தால், அந்தப் பண்ணையில் இருந்து 6 நாளைக்கு எந்த மாட்டையும் வெளியே கொண்டு போகக் கூடாது என்றும் விதி வந்தது.

2007-ல் சோதனை வந்தது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில், கோமாரிக் கிருமியை வைத்து ஆராயும் இடத்தின் கழிவுக் குழாயில் இருந்தே கிருமி கசிந்துவிட்டது! வெட்கக் கேடுதான். ஆனால் இந்தத் தடவை மூன்று நாள் காத்திருக்கவில்லை. உடனே நாடு முழுவதும் தடை போட்டார்கள். 8 பண்ணைகளோடு நோய் நின்றது.

2021 முதல் ஐரோப்பிய யூனியன் நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கால்நடைச் சட்டம் நடக்கிறது. கோமாரி கண்ட பண்ணையைச் சுற்றி 3 கிலோ மீட்டருக்குக் கடும் காவல். 10 கிலோ மீட்டர் வரை கண்காணிப்பு.

2025 ஜனவரியில் ஜெர்மனியில் பெர்லின் நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் எருமைகளுக்குக் கோமாரி வந்தது. 1988-க்குப் பிறகு அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. ரீம்ஸ் தீவுக்காரர்கள்தான் சோதித்து உறுதி செய்தார்கள். அந்தப் பண்ணையோடு நோய் முடிந்தது. மார்ச்சில் ஹங்கேரியிலும் சுலோவாகியாவிலும் வந்தது. அங்கே பெரிய பால் பண்ணைகள். ஆயிரக்கணக்கான மாடுகள் போயின. பக்கத்து ஆஸ்திரியா பயந்துபோய், சிறிய எல்லைச் சாலைகளை எல்லாம் மூடிவிட்டது. ஹங்கேரியில் சில பண்ணைகளில் ஊசி போட்டுவிட்டு, பிறகு கொன்றார்கள். சட்டத்தில் உயிரோடு வைக்க இடம் இருந்தும், வியாபாரக் கணக்கு இன்னும் கொல்லும் பக்கமே சாய்கிறது!

பிரான்சில் டிராக்டர் மறியல்

அதே 2025 ஜூன் மாதக் கடைசியில் பிரான்ஸ் நாட்டில் வேறு ஒரு நோய் புகுந்தது. தோல் கழலை நோய். மாட்டின் உடம்பு எல்லாம் கட்டி கட்டியாக வரும். ஈயும் கொசுவும் பரப்பும்.

இந்த நோய் 2015-16-ல் கிரீஸ், பல்கேரியா முதலிய நாடுகளில் வந்தது. மந்தை மந்தையாக ஊசி போட்டார்கள். 2017-ல் நோய் 95 சதவிகிதம் குறைந்துவிட்டது.

பிரான்ஸ் இரண்டையும் செய்தது. நோய் கண்ட மந்தையை முழுதும் கொல்வது, சுற்றிலும் 50 கிலோ மீட்டருக்கு ஊசி போடுவது. டிசம்பரில் தென்மேற்கு மலைப் பக்கத்தில் ஒரு பண்ணையில் 200-க்கு மேற்பட்ட மாடுகளைக் கொல்ல டாக்டர்கள் போனார்கள். விவசாயிகள் வழி மறித்தார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை வீசி வழி உண்டாக்கினார்கள். மாடுகள் கொல்லப்பட்டன. அந்த வட்டாரம் முழுவதும் டிராக்டர்களை நிறுத்தி ரோட்டை அடைத்தார்கள். பிறகு, தென்மேற்கில் லட்சக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட சர்க்கார் உத்தரவிட்டது.

இதிலும் விவசாயிகள் ஒரு கட்சியாக இல்லை. நாட்டின் மிகப் பெரிய விவசாயிகள் சங்கம், கொன்றால்தான் ஏற்றுமதி பிழைக்கும் என்றது. வேறு இரண்டு சங்கங்கள், நோய் கண்ட மாட்டை மட்டும் கொல்லுங்கள், மற்றதற்கு ஊசி போடுங்கள் என்றன. ரோட்டில் டிராக்டரோடு உட்கார்ந்தவரும் மாட்டுக்காரர்தான். சர்க்கார் செய்வது சரி என்றவரும் மாட்டுக்காரர்தான்.